33 வருஷமா யாரும் பிடுங்காத ஆணி

பொட்டி தட்டுற நம்ம ஆளுங்க ஆபீஸ் வேலைக்கு வச்சிருக்கிற செல்லப் பேர் ஆணி. "இன்னிக்கு ஆணி ஜாஸ்தி, அப்புறம் வர்றேன்"னு சொன்னா யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. அந்த ஆணியிலயும் கடைசி வரிசை ஆணி எதுன்னு கேட்டா, என்னிக்கோ யாரோ எழுதி வச்ச நிரல்ல வழு தேடறதுதான். புதுசா ஒண்ணு எழுதினா நாலு பேர் பாராட்டுவாங்க. பழசை ரிப்பேர் பண்ணினா, பண்ணினதே வெளிய தெரியாது. ரிப்பேர் சரியா இருந்தா ஒண்ணுமே நடக்காது பாருங்க, அதனாலதான்.

இது அந்தக் கடைசி வரிசை ஆணியைப் பிடுங்கினவங்களோட சரித்திரம். யுனிக்ஸ்னு ஒரு இயங்குதளம், 1969-ல் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் பிறந்தது. லினக்ஸ், பிஎஸ்டி, ஆப்பிளோட மேக் எல்லாம் ஏதோ ஒரு வகையில் அதோட சொந்தபந்தம். கறுப்புத் திரையில் ஒரு வார்த்தை தட்டி என்டர் அடிச்சா ஒரு வேலை நடக்கும். கோப்புகளைப் பட்டியல் போட ஒண்ணு, வரிகளை எண்ண ஒண்ணு, வரிசைப்படுத்த ஒண்ணு, தேட ஒண்ணு. கட்டளைன்னு சொல்றோமே தவிர ஒவ்வொண்ணும் தனித்தனி குட்டி நிரல். எல்லாம் சின்னச் சின்னது. சின்னதா இருக்கு, பழசா இருக்கு, தினமும் லட்சம் பேர் ஓட்டறாங்க, இதுல இன்னுமா வழு இருக்கப்போகுதுன்னுதான் நானும் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன்.

அந்த நினைப்பை முதல்ல உடைச்சது ஒரு மழை.

1988-ம் வருஷம், இலையுதிர் காலம். விஸ்கான்சின் மாநிலம் மேடிசன்ல பார்ட் மில்லர்னு ஒரு பேராசிரியர். ராத்திரி வீட்டுல உட்கார்ந்து, டெலிபோன் லைன் வழியா யுனிவர்சிட்டி யுனிக்ஸ் மெஷின்ல வேலை பார்த்துக்கிட்டு இருக்கார். வெளிய இடி, மின்னல், மழை. அந்தக் கால மோடம் எப்படின்னு கொஞ்சம் வயசானவங்களுக்குத் தெரியும், லைன்ல இரைச்சல் வந்தா திரையில் நாம தட்டாத எழுத்தெல்லாம் கொட்டும். அவர் தட்டற கட்டளைக்கு நடுவுல இந்தக் குப்பையும் புகுந்துடுது. இரைச்சல் புகறதுக்குள்ள கட்டளையை அடிச்சு முடிக்கணும்னு ஒரு ஓட்டப்பந்தயம் மாதிரி அடிச்சிருக்கார். இரைச்சல் வந்தது அவருக்கு ஆச்சரியம் இல்லை. குப்பை எழுத்து உள்ள போனதும் நல்லா ஓடிக்கிட்டிருந்த கட்டளைகள் பொத்துனு செத்து விழுந்துதே, அதான் ஆச்சரியம். புரியாத எழுத்து வந்தா "புரியலை"னு சொல்லிட்டுப் போகணும், அதுதானே முறை? இதுங்க மயக்கம் போட்டு விழுந்துதுங்க.

நாமளா இருந்தா மழையைத் திட்டிட்டுத் தூங்கப் போயிருப்போம். மில்லர் இதை அந்த செமஸ்டர் மாணவர்களுக்கு வீட்டுப்பாடமா கொடுத்துட்டார். கண்டபடி எழுத்துகளைத் துப்பற ஒரு நிரல் எழுதுங்க, அதுக்கு ஃபஸ்னு பேர் வைங்க, அது துப்பறதை ஒவ்வொரு யுனிக்ஸ் கட்டளைக்கும் ஊட்டுங்க, எது சாகுதுன்னு பாருங்க. அவ்வளவுதான் பாடம். மூணு குழு இதை எடுத்தாங்க. ரெண்டு குழுவால ஒண்ணையும் சாகடிக்க முடியலை. மூணாவது குழுவில் லார்ஸ் ஃப்ரெட்ரிக்சன், பிரையன் ஸோன்னு ரெண்டு பேர். பொறுமையா உட்கார்ந்து செஞ்சாங்க. ஏழு வகை யுனிக்ஸ்ல கிட்டத்தட்ட 90 கட்டளைகளைச் சோதிச்சதுல 24 சதவீதத்துக்கு மேல காலி. நாலுல ஒண்ணு! 1990 டிசம்பர்ல மூணு பேரும் சேர்ந்து கட்டுரை எழுதினாங்க. ஆராய்ச்சின்னா பெரிய கணக்கு, கிரேக்க எழுத்தெல்லாம் இருக்கணும்னு நினைக்கிறவங்க இதைக் கொஞ்சம் ஏளனமாத்தான் பார்த்தாங்க. இன்னிக்கு ஃபஸ் சோதனை கணினிப் பாதுகாப்புல ஒரு தனித்துறை.

கட்டுரையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் சி-ஷெல் செத்த கதை. கட்டளைகளை வாங்கி ஓட்டற நிரலுக்குப் பேர் ஷெல். முன்னாடி தட்டின கட்டளையைத் திருப்பி ஓட்ட ஆச்சரியக்குறி போட்டு முதல் எழுத்தைச் சொல்லலாம். அப்படி ஒண்ணு இல்லைன்னா "நீங்க கேட்டது கிடைக்கலை"னு பதில் வரும். ஃபஸ் துப்பினதுல ஆச்சரியக்குறிக்குப் பின்னால ஒரு சதவீதக்குறியும் இருந்துச்சு. ஷெல் அந்த வார்த்தையை அப்படியே எடுத்து, பிழைச்செய்தியை அச்சடிக்கிற ஃபங்ஷன்கிட்ட கொடுத்துது. சதவீதக்குறியைப் பார்த்தா "இங்க ஒரு எண் போடணும்"னு நினைக்கிறது அந்த ஃபங்ஷனோட சுபாவம். இல்லாத எண்ணைத் தேடிப் போய் செத்துது. அதாவது தப்பைக் கண்டுபிடிச்ச வரைக்கும் சரி, தப்புன்னு சொல்ல வந்த இடத்துல மரணம் :-). சிரிச்சுட்டு விட்டுட முடியாது. இதே வகை வழுவை வச்சு சர்வர்களை உடைக்கலாம்னு ஊருக்கெல்லாம் தெரிய வந்தது 2000 வாக்குல. பத்து வருஷம் முன்னாடியே ஒரு வீட்டுப்பாடத்துல வந்துடுச்சு.

மில்லர் வகுப்புல இந்தப் பாடம் ஓடிக்கிட்டிருந்த அதே செமஸ்டர்ல, 1988 நவம்பர் 2-ம் தேதி, இணையத்தோட முதல் பெரிய புழு கிளம்பிச்சு. எழுதினவர் கார்னெல் மாணவர் ராபர்ட் டாப்பன் மாரிஸ். சுமார் 6,000 மெஷின்கள் முடங்கினதா அப்போ போட்ட மதிப்பீடு. புழு நுழைஞ்ச வழிகள்ல ஒண்ணு, யார் லாகின் பண்ணியிருக்காங்கன்னு சொல்ற ஃபிங்கர் சேவை. அது கேள்வியை வாங்கி வைக்க 512 பைட் இடம் ஒதுக்கியிருந்தது. வாங்கறதுக்குப் பயன்படுத்தினது சி மொழியோட கெட்ஸ் என்கிற ஃபங்ஷன். இடம் எவ்வளவு இருக்குன்னு கெட்ஸ் கேட்காது, வர்றதை எல்லாம் கொட்டும். அரைப்படி செம்புல ஒரு குடம் தண்ணி ஊத்தற கதை. வழிஞ்சு போற தண்ணி பக்கத்துல இருக்கிறதை நனைக்கும், புழு அந்த ஈரத்துலதான் உள்ள வந்துது. (கொசுறு: மாரிஸோட அப்பாவும் ராபர்ட் மாரிஸ்தான். பெல் லேப்ஸ்ல யுனிக்ஸ் காலத்து ஆள், டிசி என்கிற கணக்குப் போடற கட்டளையை எழுதின ரெண்டு பேர்ல ஒருத்தர். அப்பா கட்டளை எழுத, பையன் கட்டளையில் ஓட்டை தேட....) அந்த கெட்ஸை சி மொழி வரையறையில் இருந்து அதிகாரபூர்வமா தூக்கினது 2011-ல். புழு வந்து 23 வருஷம் கழிச்சு.

சரி, வழு இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. சரி பண்ணியிருப்பாங்கதானே?

மில்லர் குழு கட்டுரையோட நிக்கலை. தங்களோட சோதனை நிரலையும், எந்தக் கட்டளையில் எந்த இடத்துல தப்புங்கிறதையும், திருத்தத்தையும் யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு பொதுவுல வச்சாங்க. 1995-ல் திரும்பச் சோதிச்சா, சன், ஐபிஎம், டெக் மாதிரி பெரிய கம்பெனிகளோட யுனிக்ஸ்ல 15-ல் இருந்து 43 சதவீதம் வரைக்கும் கட்டளைகள் செத்துது. அதுல 1990-லேயே சொல்லி, திருத்தமும் கொடுத்த வழுக்கள் பல அப்படியே இருந்துது. இலைபோட்டுப் பரிமாறி ஊட்டியும் விட்டாச்சு, முழுங்கலை. அதே சோதனையில் காசு வாங்காத லினக்ஸ் கட்டளைகளும் க்னூ கட்டளைகளும் பத்து சதவீதத்துக்குள்ள நின்னுது.

காசு கொடுத்து வாங்கினது மோசம், சும்மா கிடைச்சது மேல். இது எப்படின்னு நிறையப் பேர் நிறையக் காரணம் சொல்லுவாங்க. மூலநிரல் திறந்திருந்தா பல கண் பார்க்கும், வழு சிக்கும்ங்கிறது வழக்கமா சொல்ற பதில். எனக்கு அதுல பாதிதான் சம்மதம். திறந்திருந்தா போதாது, பார்க்கிறவன் "இது என்னோடது"ன்னு நினைக்கணும். கம்பெனியில் வரிசைப்படுத்தற கட்டளை யாரோட பொறுப்பு? புது சர்வர் விற்கணும், புது வசதி காட்டணும், பத்து வருஷமா ஓடற கட்டளைக்கு எந்த மேனேஜர் ஆள் ஒதுக்குவார்? வெளியில் இருந்தவங்களுக்கு அந்தக் கட்டளைக்குப் பக்கத்துல தன் பேர் இருந்துது.

பேர்னு சும்மா சொல்லலை. அதுக்கு ஒரு கதை இருக்கு. 1980கள் கடைசியில் கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகம். அவங்க வச்சிருந்த யுனிக்ஸ் வகைதான் பிஎஸ்டி. அதுல பெர்க்லி ஆளுங்க எழுதினதும் இருக்கு, ஏடி அண்ட் டி-யோட பழைய நிரலும் கலந்திருக்கு. அதனால பிஎஸ்டி வேணும்னா முதல்ல ஏடி அண்ட் டி-கிட்ட உரிமம் வாங்கணும், அது விலையோ வருஷா வருஷம் ஏறுது. கீத் போஸ்டிக்னு ஒருத்தர், ஏடி அண்ட் டி நிரல் இருக்கிற எல்லாக் கட்டளைகளையும் முதல்ல இருந்து எழுதிடலாம்னார். நூத்துக்கணக்குல கட்டளைகள்! கூட இருந்த கிர்க் மெக்குசிக், மைக் கரெல்ஸ் ரெண்டு பேருக்கும் நம்பிக்கை இல்லை. போஸ்டிக் விடலை. மாநாடு, கூட்டம்னு கண்ணுல பட்டவங்களை எல்லாம் பிடிச்சு, பழைய நிரலைப் பார்க்காதீங்க, கட்டளை என்ன செய்யும்னு கையேட்டுல போட்டிருக்கிறதை மட்டும் வச்சு எழுதிக் கொடுங்கன்னு கேட்டார். சம்பளம் கிடையாது. பெர்க்லிக்குப் பங்களித்தவங்க பட்டியல்ல, எழுதின கட்டளைக்குப் பக்கத்துல உங்க பேர் வரும், அவ்வளவுதான் கூலி. ஆரம்பத்துல யாரும் வரலை. அப்புறம் வந்தாங்க. ஒன்றரை வருஷத்துல முக்கியமான கட்டளைகள் கிட்டத்தட்ட எல்லாம் புதுசா எழுதியாச்சு!

அதை 1991-ல் வெளியிட்டாங்க. 1992-ல் வழக்கு வந்துது, 1994-ல் சமரசம் ஆச்சு. சுமார் 18,000 கோப்புகள்ல எடுக்கச் சொன்னது மூணே மூணு. இன்னும் 70 கோப்புகள்ல ஒரு காப்புரிமை வரி சேர்க்கணும். கோர்ட்டு கேஸ்னு இழுத்தது ரெண்டு வருஷம், ஆனா அந்தத் தயக்கத்துல ஜனங்க லினக்ஸ் பக்கம் சாய்ஞ்சுட்டாங்கன்னு பிஎஸ்டிக்காரங்க இன்னமும் பெருமூச்சு விடுவாங்க. அது வேற பஞ்சாயத்து, இங்க வேண்டாம்.

இப்போ தலைப்புல சொன்ன ஆணிக்கு வர்றேன்.

பிஎஸ்டி வம்சத்துல ஓப்பன்பிஎஸ்டின்னு ஒரு கிளை. 1995-ல் தியோ டி ராட் கனடாவில் இருந்து தொடங்கினது. இவங்களுக்குப் புது வசதியைவிட வழு தேடறதுலதான் ஆசை. யாரும் புகார் சொல்லாட்டியும் ஒவ்வொரு கோப்பா வரி வரியா வாசிப்பாங்க. ஒரு இடத்துல ஒரு தப்பு கிடைச்சா, அதே மாதிரி தப்பு வேற எங்கெல்லாம் இருக்கும்னு மொத்த மரத்தையும் உலுக்குவாங்க. 2008-ல் அங்க ஆட்டோ மூர்பேக்னு ஒருத்தர் நினைவக ஒதுக்கீட்டு நிரலைப் புதுசா எழுதிக்கிட்டிருந்தார். நிரல்கள் "எனக்கு இவ்வளவு இடம் கொடு"ன்னு கேட்டா எடுத்துக் கொடுக்கிற மணியக்காரர் மாதிரி அது. கொடுக்கிற இடத்தைப் பக்கத்தோட விளிம்புக்கு ஒட்டிக் கொடுக்கறது மூர்பேக்கோட யுக்தி. விளிம்பைத் தாண்டி ஒரு அடி வச்சா அடுத்தது பள்ளம், நிரல் உடனே செத்துடும். எல்லை தாண்டறவனைக் கையும் களவுமா பிடிக்கிற ஏற்பாடு.

போட்டுப் பார்த்தா, ஸ்பார்க்64 மெஷின்ல பெரிய சி++ நிரல்களைக் கம்பைல் பண்ணும்போது கம்பைலர் சில சமயம் செத்துது. எப்பவும் இல்லை, சில சமயம். பொட்டி தட்டறவனுக்கு இதைவிட எரிச்சல் கிளப்பற வார்த்தை வேற கிடையாது. முதல்ல எல்லாருக்கும் என்ன தோணும்? புதுசா எழுதினவன் தப்பாத்தான் இருக்கும்னு தோணும். பழசு இத்தனை வருஷமா ஓடிக்கிட்டிருக்கே! மூர்பேக் தோண்டிக்கிட்டே போனார். தப்பு அவர் எழுதினதுல இல்லை, கம்பைலர் எழுதினவங்ககிட்டயும் இல்லை. யாக்ல இருந்துது.

யாக்னா ஒரு கட்டளை. ஒரு மொழியோட இலக்கணத்தை விதிகளா எழுதிக் கொடுத்தா, அந்த மொழியைப் படிச்சுப் புரிஞ்சுக்கிற நிரலை அதுவே எழுதித் தரும். 1970கள்ல பெல் லேப்ஸ்ல ஸ்டீபன் ஜான்சன் உருவாக்கினது. யாக் எழுதித் தர்ற நிரல், படிச்ச துண்டுகளைத் தட்டு அடுக்கற மாதிரி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கும். ஒரு விதி முடிஞ்சா அந்த விதிக்குரிய தட்டுகளை எடுத்துட்டு, அதுல முதல் தட்டுல இருந்ததைப் பலனா வச்சுக்கும். இப்போ கவனிங்க. ஒண்ணுமே இல்லாத விதின்னு ஒண்ணு இலக்கணத்துல உண்டு, வெத்து விதி. அதுக்கு எடுக்கத் தட்டே கிடையாது. ஆனா யாக் அதை யோசிக்காம வழக்கம்போல "முதல் தட்டை"ப் பார்க்கும். இல்லாத முதல் தட்டுங்கிறது அடுக்குக்கு மேல ஒரு படி, காத்துல இருக்கிற இடம். அங்க இருக்கிற குப்பையைப் படிக்கும். படிச்ச குப்பையைப் பெரும்பாலும் யாரும் பயன்படுத்தறதில்லை, அதனால ஒரு சேதமும் இல்லை. அடுக்கு சரியா நிரம்பி, அதுக்கு மேல பள்ளமும் இருந்தாத்தான் விழும். அந்தப் பள்ளத்தை மூர்பேக் வெட்டி வச்சார், யாக் விழுந்துது.

இது எப்போ இருந்து இப்படின்னு பின்னாடி போய்ப் பார்த்திருக்கார். ஓப்பன்பிஎஸ்டியில் இருந்த யாக், பெர்க்லி காலத்துல புதுசா எழுதினது. அதுல இருக்கு. பழைய பெல் லேப்ஸ் யாக்லயும் இருக்கு. 1975-ல் வந்த யுனிக்ஸ் ஆறாம் பதிப்புலயும் அதே தப்பு! 33 வருஷம். அதுக்குள்ள உலகத்துல எத்தனை கம்பைலர், எத்தனை நிரல் யாக் மூலமா வந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. திருத்தம் சில வரிதான். வெத்து விதியான்னு ஒரு கேள்வி, அவ்வளவே.

அதே 2008-ல் இன்னொண்ணும் மாட்டிச்சு. ஒரு அடைவுல (ஃபோல்டர்ங்க) இருக்கிற கோப்புப் பட்டியலைப் படிச்சுக்கிட்டே வந்து, நடுவுல ஒரு இடத்தைக் குறிச்சு வச்சு, திரும்ப அங்க வரலாம். பிஎஸ்டியில் சில சந்தர்ப்பத்துல தப்பான இடத்துக்கு வரும். மார்க் பால்மர் தேடிப் பிடிச்சார், 1983-ல் வந்த பிஎஸ்டி பதிப்புல இருந்தே இருக்கு, 25 வயசு. இதுல எனக்குச் சுருக்குன்னு குத்தினது வேற விஷயம். விண்டோஸ் கணினிகளோட கோப்பு பகிர உதவற சாம்பா நிரலை எழுதினவங்களுக்கு இந்த நடத்தை முன்னாடியே தெரியும். பிஎஸ்டியில் இப்படி ஆகும்னு சுத்திப் போறதுக்குத் தங்க நிரல்ல ஒரு வழி வச்சிருந்தாங்க.

அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு யோக்யதை கிடையாது. முன்னாடி வேலை பார்த்த இடத்துல ராத்திரி ராத்திரி ஓடற ஒரு ஸ்கிரிப்ட் மாசக் கடைசியில் மட்டும் ஒரு வரியை விட்டுடும். ஏன்னு பார்க்க ரெண்டு நாள் ஆகும். விடற வரியை மறுபடி சேர்க்க நாலு வரி எழுதினா அரை மணி நேரம். நான் என்ன செஞ்சிருப்பேன்னு உங்களுக்கே தெரியும். மேனேஜர் சபாஷ்னு வேற சொன்னார். அந்த நாலு வரியை எனக்கப்புறம் வந்தவர் "எதுக்கு இருக்குன்னே தெரியலை"ன்னு தூக்கிட்டதாவும், அந்த மாசம் கணக்கு இடிச்சதாவும் பிற்பாடு கேள்விப்பட்டேன். ஃபோன் பண்ணிச் சொல்லியிருக்கலாம். பண்ணலை.

கொஞ்சம் லேசான விஷயத்துக்கு வருவோம். ட்ரூன்னு ஒரு கட்டளை. "வெற்றி"ன்னு சொல்லிட்டு முடிஞ்சுடும், வேற ஒரு வேலையும் செய்யாது. இதுல என்ன வழு வந்துடும்? க்னூக்காரங்க எல்லாக் கட்டளைக்கும் கொடுக்கிற மாதிரி இதுக்கும் "உன் பதிப்பு எண் என்ன" என்கிற வசதியைக் கொடுத்தாங்க. இப்போ அந்தப் பதிப்பு எண்ணை எழுத இடமில்லாத ஒரு கோப்புக்கு அனுப்பினா எழுத முடியாது, அதனால ட்ரூ "தோல்வி"ன்னு சொல்லும். ஒண்ணுமே செய்யாத கட்டளைகூட ஒண்ணு கூடுதலா செய்யப் போனா பொய் சொல்ல வேண்டி வருது. இதை வழுன்னு மறைக்காம கையேட்டுலேயே எழுதி வச்சிருக்காங்க, அந்த நேர்மை எனக்குப் பிடிச்சிருக்கு.

சில சமயம் கட்டளையில் தப்பே இருக்காது, உலகம் மாறிடும். பழைய யுனிக்ஸ் கட்டளைகள் ஒரு எழுத்துன்னா ஒரு பைட்னு நினைச்சு எழுதினது. ஆங்கிலத்துக்குச் சரி. 1992 செப்டம்பர்ல நியூஜெர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கென் தாம்சன், ராப் பைக்கை எதிர்ல வச்சுக்கிட்டு, தட்டுக்கு அடியில் போடற காகிதத்துல யூடிஎஃப்-8 முறையை வரைஞ்சார். உலகத்து எழுத்தெல்லாம் அதுல அடங்கும், தமிழுக்கு ஒரு குறியீட்டுக்கு மூணு பைட். திஸ்கியில் இருந்து யூனிகோடுக்கு மாறின காலத்துல பதிவு எழுதினவங்களுக்கு இதோட அருமை தெரியும். ஆனா கட்டளைகளுக்கு யார் போய்ச் சொல்றது?

அம்மாங்கிற சொல்லை எண்ணும் கட்டளைகிட்ட கொடுத்துப் பார்த்தேன். பைட் எத்தனைன்னு கேட்டா 15. எழுத்து எத்தனைன்னு கேட்டா 5. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையைக் கேட்டா அ, ம், மா, மூணு. மூணும் சரியான விடைதான், யாரைக் கேட்கறோம்ங்கிறதைப் பொறுத்தது. திருப்பிப் போடற ரெவ் கட்டளையில் அம்மாவைக் கொடுத்தா துணைக்கால் தனியா கழண்டு முன்னாடி வந்து நிக்குது, ாம்மஅன்னு. எழுத்தை மாத்தற டிஆர் கட்டளையோட க்னூ பதிப்பு பல காலமா பைட் கணக்குலயே வேலை செஞ்சுது, தமிழைக் கொடுத்தா பத்தியே நாசமாகலாம்.

ஆக் என்கிற கட்டளையும் இதுல ஒண்ணு. அட்டவணை மாதிரி இருக்கிற தரவைப் பிரிச்சு மேய ரொம்ப வசதி. 1977-ல் அஹோ, வெய்ன்பெர்கர், கெர்னிகன் மூணு பேர் எழுதினது, பேரே அவங்க முதலெழுத்துகள்தான். க்னூக்காரங்க தனியா எழுதின ஆக் யூனிகோடை முன்னாடியே கத்துக்கிட்டது. மூல ஆக் மட்டும் பழைய நினைப்புலயே இருந்துது, மா எத்தனை எழுத்துன்னா 6-ன்னு சொல்லும். 2022-ல் அதைச் சரி பண்ணினது யார் தெரியுமா? பிரையன் கெர்னிகனேதான். வயசு 80. சி மொழிப் புத்தகம் எழுதி நம்மள்ல பாதிப் பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்த மனுஷன், 45 வருஷம் முன்னாடி எழுதின நிரலைத் திரும்பத் திறந்து உட்கார்ந்திருக்கார். திருத்தத்தோட அனுப்பின குறிப்புல, கிட் இன்னும் தனக்குச் சரியா பிடிபடலை, அதனால முறைப்படி அனுப்பக் கொஞ்சம் நாளாகலாம்னு எழுதியிருந்தார். அதைப் படிச்சதும் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம், கிட் புரியாதது எனக்கு மட்டும் இல்லைன்னு :-). இப்போ மா ரெண்டு. ஒண்ணுன்னு சொல்ல இன்னும் யாராவது உட்காரணும்.

கெர்னிகன் ஆசைப்பட்டு உட்கார்ந்தார். எல்லாருக்கும் அப்படி இல்லை. பாஷ் ஷெல்லை 1990 வாக்குல இருந்து கவனிச்சுக்கிறது செட் ரேமின்னு ஒருத்தர். பக்கம் பக்கமா காட்டற லெஸ் கட்டளையை 1980கள்ல எழுதின மார்க் நூடல்மன்தான் அதைத் தொடர்ந்து பார்த்துக்கிட்டு வந்தவர். தனி ஆளா சுமக்கிறவங்க. கோப்பைச் சுருக்கிக் கட்டற எக்ஸ்இசட் கட்டளையைச் சுமந்தவர் பின்லாந்துக்காரர் லாஸ் காலின்.

2022-ல் காலினுக்கு நெருக்கடி வந்துது. திருத்தம் அனுப்பினா ஏன் சேர்க்க மாட்டேங்கறீங்க, முடியலைன்னா வேற ஆள்கிட்ட கொடுங்கன்னு முகம் தெரியாத சிலர் நச்சரிச்சாங்க. தனக்கு நீண்ட நாளா மனநலப் பிரச்சினை இருக்கு, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை, நினைவு வச்சுக்கங்கன்னு அவர் பதில் சொன்னார். ஒத்தாசைக்கு ஜியா டான்கிற பேர்ல ஒருத்தர் ஏற்கெனவே நல்ல நல்ல திருத்தமா அனுப்பிக்கிட்டு இருந்தார். சிரிச்ச முகம், சொன்ன வேலை செய்யறது. களைச்சுப்போன ஆளுக்கு வேற என்ன வேணும்? பொறுப்பு கொஞ்சம் கொஞ்சமா கை மாறிச்சு. 2024 பிப்ரவரி, மார்ச்ல வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகள்ல அந்த ஜியா டான் ஒரு கள்ளக்கதவை ஒளிச்சு வச்சார். அது எல்லா லினக்ஸ் சர்வருக்கும் போய்ச் சேர்ந்திருந்தா, சாவி வச்சிருக்கிறவன் தூரத்துல இருந்தே உள்ள வரலாம். ஜியா டான் யார், ஒருத்தரா பல பேரான்னு வெளிச்சத்துக்கு வரவே இல்லை.

பிடிச்சவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். பாதுகாப்பு நிபுணர் கிடையாது, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல வேலை செய்யறவர். தன்னோட சோதனை மெஷின்ல லாகின் ஆக அரை விநாடி கூடுதலா ஆகுதேன்னு அவருக்கு உறுத்திச்சு. அரை விநாடிங்க! நான் அந்நேரம் கொட்டாவி விட்டிருப்பேன். அவர் நூல் பிடிச்சுப் போய் 2024 மார்ச் 29-ம் தேதி ஊரைக் கூட்டிச் சொன்னார். பெரும்பாலான சர்வர்களுக்குப் போறதுக்கு முன்னாடியே தடுத்தாச்சு.

மில்லர் 2020-ல் அந்தப் பழைய ஃபஸ் சோதனையைத் திரும்பவும் ஓட்டிப் பார்த்திருந்தார். லினக்ஸ்ல 12 சதவீதம், மேக்ல 16, ஃப்ரீபிஎஸ்டியில் 19 சதவீதக் கட்டளைகள் அப்பவும் செத்தோ தொங்கியோ போச்சு. 32 வருஷத்துக்கு முந்தின அதே குப்பை எழுத்துக்கு.

காலின் என்ன ஆனார்னு தேடிப் பார்த்தேன். ஓடிப் போகலை. திரும்ப வந்து, ஜியா டான் சேர்த்த ஒவ்வொரு மாற்றத்தையும் எடுத்து வச்சு வாசிச்சு, கள்ளக்கதவைக் கழட்டி, 2024 மே 29-ம் தேதி 5.6.2 பதிப்பை வெளியிட்டார்.